போச்சம்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போச்சம்பள்ளி என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? பட்டுப் புடவைதானே? எனக்கும் அப்படித்தான். என் நாத்தனாரைப் போச்சம்பள்ளியில் கொடுத்தபோது, "ஆகா, இனிமேல் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு புடவை!" என்று மனத்துக்குள் கணக்குப் போட்டவள் நான். கல்யாணப் பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் புடவைப் போச்சம்பள்ளி ஹைதராபாத் பக்கம் இருக்கிறது என்று. நம்முடைய போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தாலுகாத் தலைநகரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, இவைதான் அதன் பெருமை. என் ஏமாற்றத்தை இன்றுவரை நாத்தனாரிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்!

போன புரட்டாசி மாதம் அவள் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினேன். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வரும் துணைக்கு ஒருவருக்கும்கூட 2021 முதல் இந்தச் சாதாரண டவுன் பஸ்களில் இலவசம்தான். என் பக்கத்தில் ஊன்றுகோலுடன் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். "டிக்கெட் இல்லைங்க்கா, ஆனா படி மட்டும் இடுப்பு உசரம் இருக்கு" என்று சிரித்தாள். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். ஊர் திரும்பும்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

வழியெல்லாம் செம்மண். யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரிப் பெரிய பெரிய பாறைக் குன்றுகள். மா மரங்கள் காய்ப்பு முடிந்து பச்சையாக நின்றன. நடுநடுவே, தோப்புகளுக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, சிப்காட்டின் நீண்ட மதில்கள். மின்சார ஸ்கூட்டர், காலணி என்று இந்த வட்டாரத்தில் இப்போது பெரிய ஆலைகள் வந்துவிட்டன. காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்கள் வந்து பெண்களை ஏற்றிப் போகின்றன. பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்டன. எல்லைப் பக்கம் அல்லவா?

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்துட்டீங்களா அண்ணி! களி கிண்டி வச்சிருக்கேன். சோறு கேட்டீங்கன்னா நாளைக்குத்தான்" என்றாள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். இந்த ஊர்த் தண்ணீருக்கோ என்னவோ, அந்த ருசி என் கையில் வருவதில்லை.

அவளுடைய மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே தெளிவு என்பாள் நாத்தனார். வாசலை ஒட்டிய அறையில் நாடாக் கட்டிலில் சாய்ந்தபடி, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும், "வா கண்ணு, இளைச்சிட்டியே" என்றார். எனக்குப் பரம சந்தோஷம். உலகத்தில் அப்படிச் சொல்கிற ஒரே ஜீவன் அவர்தான்.

அன்று மாலை லேசாகத் தூறல் போட்டது. நான் ஜன்னலோரம் நின்று மண் வாசனையை ரசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டார். "என்னம்மா, என்ன செய்யுது?" என்றேன். பதில் இல்லை. நாத்தனார் கண்ணைக் காட்டி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"மழை வந்தா இப்படித்தான் அண்ணி. தண்ணி குடிக்க மாட்டாங்க" என்றாள்.

பிறகு அவள் சொன்ன கதைதான் நான் இதை எழுதக் காரணம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். கடற்கரை மாவட்டங்களில் எல்லாரும் விழித்திருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கடல் எங்கே, இந்த மேட்டுப் பூமி எங்கே? அவர்கள் காலங்காலமாகப் பயந்தது வறட்சிக்குத்தான். ஆனால் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் மெள்ள நகர்ந்து, கையிலிருந்த தண்ணீரையெல்லாம் இங்கே கொட்டிவிட்டது. பக்கத்துத் தாலுகாவான ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 செ.மீ. மழை! அந்த ஊர் பஸ் நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவண்ணாமலையில் மலைச் சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் மாண்டதும் இதே மழையில்தான்.

இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. வறட்சிக் காலத்துக்கு அற்புதமான ஏற்பாடு. கால்வாய் அடைத்துக் கிடக்கும்போது ஒரே இரவில் எல்லாம் நிரம்பினால், தண்ணீர் தனக்கு வழி தேடித் தெருவுக்கு வந்துவிடும். டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. "அன்னிக்குச் சந்தையே சரியாக் கூடலை. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினாங்க. எந்திரிச்சுக் காலை வச்சா தண்ணி. கரண்ட் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு ஒரே கூச்சல்."

மாமியாரை எழுப்பினால், "நான் வரலை, நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாராம். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். அசையவில்லை. வயசானவர்கள் பிடிவாதம் என்று நினைத்துக் கடைசியில் சக்கர நாற்காலியில் வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள். வாசலைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் நாற்காலியின் முன் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. இருட்டில், மழையில், உதவிக்கு ஓடிவந்த ஒரு பையன், பாவம் நல்ல எண்ணத்தோடுதான், விழுந்துபோன இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அந்தத் தோள்பட்டை வலி மூன்று மாதம் நீடித்தது. (பக்கவாதம் வந்த கையில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ தூக்கவோ கூடாது. வீட்டில் இப்படி யாராவது இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்லி வையுங்கள்.)

பள்ளிக்கூடத்தில் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குளிர் ஜுரம், சிறுநீர்த் தாரையில் எரிச்சல். ஆஸ்பத்திரியில் நாலு நாள். "வெள்ளத்திலிருந்து காப்பாத்தினோம் அண்ணி. தண்ணி குடிக்காம படுத்துக்கிட்டாங்க. ஏன்னு கேட்டா, தாகம் இல்லைன்னு ஒரே பதில்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவும் தூங்கவில்லை என்று கட்டில் சத்தத்தில் தெரிந்தது. எழுந்து போய்க் காலைப் பிடித்துவிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். பெண் பிள்ளைகள் இருட்டில்தான் சில விஷயங்களைப் பேசுவோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்.

"வெள்ளத்துக்கு நான் பயப்படலை கண்ணு. அந்தப் பள்ளிக்கூடக் கக்கூசுக்குத்தான் பயந்தேன்."

அங்கே கழிவறைக்கு இரண்டு படி. உள்ளே தரையோடு தரையாகப் பீங்கான். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால்தான் முடியும்; நாத்தனார் ஒருத்தியால் ஆகாது. "ஊர் ஆம்பளைங்களையா கூப்பிடச் சொல்றே? அதுக்கு இந்தத் தண்ணியிலேயே போயிடலாம்னு இருந்தேன்."

நாத்தனார் கெட்டிக்காரி, மாமியாரைத் தாயாகப் பார்க்கிறவள். அவளுக்கே பத்து மாதமாக இது தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் எத்தனை பேர் ஓட முடியாதவர்கள், எத்தனை பேர் கூப்பிட்டால் கேட்காதவர்கள் என்று நான் என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறேனா?

மறுநாள் காலை இரண்டு பேருமாக அந்தத் தெருவைச் சுற்றினோம். விருந்துக்கு வந்த இடத்தில் இது என்ன வேலை என்று எங்கள் மாப்பிள்ளை சிரித்தார். பிறகு அவரே ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பக்கத்து வீட்டில் ஓர் இளம் தாய். பிறவியிலேயே காது கேட்காது. தையல் வேலை செய்கிறாள். கணவருக்கு ஆலையில் மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். கையாலும் முகத்தாலும் அவள் கதை சொல்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புரியாத இடத்தில் செல்போனில் எழுதிக் காட்டினாள். வெள்ளம் வந்த இரவு கணவர் ஷிப்டில். தெருவே கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. கதவையும் தட்டினார்களாம். பதில் வராததால், ஏற்கெனவே போய்விட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். அவளோ தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் எட்டு மாதக் குழந்தை. குழந்தை அழுதிருக்கும், அதுவும் அவளுக்குக் கேட்காதே. புரண்டு படுத்தபோது கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை தண்ணீரில் பட்டு விழித்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் தன் கையை மெள்ளக் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியைச் சிலிர்த்துக் காட்டினாள். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

2023இல் அரசாங்கம் செல்போன்களுக்கு அபாய எச்சரிக்கை அனுப்பிச் சோதித்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? திடீரென்று அலறிய அலறலில் நான் தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அது அதிரவும் செய்யும். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் காது கேளாதவர்களுக்கும் உபயோகப்படும். இதைச் சொன்னதும் அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதிக் காட்டினாள்: "மழை பெய்தால் டவர் போய்விடும். சார்ஜ் இருக்காது." வாஸ்தவம்தானே! அவளே ஒரு வழி வைத்திருந்தாள். மழை இரவில் ஒரு கயிறு. ஒரு நுனி அவள் கணுக்காலில், மறு நுனி ஜன்னல் வழியாக வெளியே. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். அவள் பாட்டி காலத்தில் காவலுக்குப் படுப்பவர்கள் இப்படிக் கட்டிக்கொள்வார்களாம். குழந்தை கைக்கு எட்டாதபடி, அவள் காலோடு மட்டும் இருக்க வேண்டும் என்று ஒரு தாயாக நான் சொன்னதை ஒப்புக்கொண்டாள். வீட்டுச் சாவி ஒன்று நாத்தனாரிடம் வந்தது. கதவைத் திறந்ததும் டார்ச்சை முகத்தில் அடிக்காமல் சுவரில் அணைத்து அணைத்துக் காட்ட வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. முகத்தில் அடித்தால் எதிரில் வருகிறவர் யார், என்ன சைகை செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாதே!

தெருக்கோடியில் பார்வையற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். சந்தையில் கற்பூரம், ஊதுவத்தி விற்பவர். ரூபாய் நோட்டைத் தடவிப் பார்த்தே மிச்சம் கொடுப்பார். இருட்டு அவருக்குப் பழக்கம், வெள்ளத்தில் அவருக்குப் பிரச்சினை இருந்திருக்காது என்று நான் நினைத்தேன். எவ்வளவு அசட்டுத்தனம்! "மழைச் சத்தத்துல எனக்குக் காதும் போயிடுதும்மா" என்றார். டீக்கடை அடுப்புச் சத்தம், மாவு மில், கோயில் மணி, இவைதான் அவருடைய வழிகாட்டிகள். மழை எல்லாவற்றையும் அழித்துவிடும். காலுக்குப் பழகிய பள்ளமும் கல்லும் தண்ணீருக்குள் போய்விடும். அன்று நாலு பேர் நாலு பக்கம் பிடித்து இழுத்ததில் விழுந்து முட்டி பெயர்ந்ததாம். "என்னைப் பிடிக்காதீங்க. உங்க முழங்கையை நான் பிடிச்சுக்கிறேன். அரையடி முன்னால நடங்க, போதும்" என்றார். இன்னொன்றும் கேட்டார்: பள்ளிக்கூட வாசலில் நின்று யாராவது தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் திசை தெரியும். எத்தனை சுலபமான விஷயம்!

அடுத்த வீடு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் நடமாடும் சத்தம். பன்னிரண்டு வயசுப் பையன். மூளை வளர்ச்சி குறைவு. அம்மா காலை ஷிப்டுக்குப் போகிறாள். பையன் தெருவுக்கு ஓடி லாரியில் அடிபடப் பார்த்ததிலிருந்து, வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். மாலையில் அவளைப் பார்த்தோம். "பூட்டறது தப்புன்னு தெரியும்க்கா. வேலையை விட்டா சோறு?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், தனியார் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் எரிந்து போனார்கள். நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலி வேறு, தாயின் பூட்டு வேறுதான். தீக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! அவளிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. சாவியில் இரண்டு நகல் செய்து எதிர் வீட்டிலும் நாத்தனாரிடமும் கொடுக்கச் சொன்னோம். பகலில் நாத்தனார் இரண்டு தரம் போய்ப் பையனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசிவிட்டு வருகிறாள். அவனுக்குப் பிடித்தது ஒரு நீலப் போர்வை. அதைக் கையில் கொடுத்தால்தான் எங்கேயும் வருவான். அதுவும் நோட்டில் ஏறியது.

இதெல்லாம் தெருக்காரர்கள் செய்கிற தர்ம காரியம் என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று 2016இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 8ஆவது பிரிவு முழுக்க இதைப் பற்றித்தான். ஆபத்துக் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களுடைய விவரங்களைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். 2019இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, "எங்கள் தெருவில் இன்னார் இருக்கிறார், இப்படி உதவி தேவை" என்று மனுக் கொடுப்பது நம் உரிமை. நாங்களும் ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். உதவித்தொகை வாங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. அவர்களில் யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது கேட்காது, எந்தச் சந்தில் எந்த வீடு என்பது அதில் இல்லை. மனுவை வாங்கிக்கொண்டார்கள். நம்புவோம்.

ஜப்பானைப் பாருங்கள். பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் ஒத்திகை பார்த்துப் பழகிய தேசம். அங்கேயே 2011 மார்ச் சுனாமியில், பாதிக்கப்பட்ட ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் இறந்த விகிதம் மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கெடுப்புகள் காட்டின. ஒத்திகையெல்லாம் ஓடக் கூடியவர்களுக்காகவே நடந்திருந்தது. 2013இல் சட்டத்தைத் திருத்தி, தனித்துத் தப்ப முடியாதவர்களின் பட்டியலை ஒவ்வோர் ஊராட்சியும் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பட்டியல் மட்டும் போதவில்லை. 2021இல், ஒவ்வொருவருக்கும் யார் வந்து அழைத்துப் போவார், எப்படி, எங்கே என்று தனித் திட்டம் எழுதவும் உள்ளாட்சிகள் முயல வேண்டும் என்று சேர்த்தார்கள். எங்கள் பழைய நோட்டில் இருந்தது ஏறக்குறைய அதேதான் என்று பிறகு தெரிந்தபோது நாத்தனாருக்கு ஒரே பெருமை.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பை தயாராக இருக்கட்டும். தினம் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. வலிப்பு, மனநோய், ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, அதனால்தான் சொல்கிறேன். மருத்துவர் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு மாற்று பாட்டரி. படுத்தபடுக்கையாக இருப்பவர்களுக்கு ஒரு ரப்பர் விரிப்பு, இரண்டு பழைய பருத்திப் புடவை. முகாமின் சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகப் படுக்கவிட்டால் ஒரே நாளில்கூடப் படுக்கைப் புண் தொடங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்த உடனேயே ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் போய்விடுவதே நல்லது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸுக்கு 108. சமையலறைக் கதவின் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தைக்குப் போனோம். ஆடு, கோழி, கூடை, மண்வெட்டி, துணி, தக்காளி, கருவாடு. அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பார்களே, அந்த மாதிரிச் சந்தை. கூட்டத்துக்கு நடுவே கற்பூரப் பெரியவர் என் குரலைக் கேட்டே, "சேலத்தம்மா வந்திருக்காங்களா!" என்றார். நான் ஒரு புடவைக் கடையில் ஆசையாய் நின்றேன். நாத்தனார் என்னை இழுத்துக்கொண்டு பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போனாள். கை வைத்த நாற்காலி ஒன்று, நல்ல கனமானதாகப் பார்த்து, நாலு காலையும் அழுத்திப் பார்த்து வாங்கினோம். வெயிலில் கிடந்து வெளுத்த பழைய நாற்காலி எப்போது கால் விரியும் என்று சொல்ல முடியாது.

மத்தியானம் மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை போட்டார். ஓரத்தைத் தேய்த்து, அறுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார். அடியில் வைக்க மூடி போட்ட ஒரு வாளி. சுற்றி மறைக்கப் பழைய புடவை, கயிறு, நாலு கிளிப். ஓட்டையை மூட ஒரு பலகை. பலகையைப் போட்டால் தூக்கிச் செல்லும் நாற்காலி, எடுத்தால் கழிவறை. அம்மா எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தபடியே மேற்பார்வை பார்த்தார். "ஓட்டை பெரிசாப் போச்சு. நான் உள்ளே விழுந்திடுவேன்" என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

நாலு மணிக்கு ஒத்திகை. பையன்கள் நாலு பேர் வந்தார்கள். தோளைப் பிடித்து இழுத்த பையனும் கூச்சத்தோடு வந்தான். இடுப்பிலும் மார்பிலும் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினோம், இறுக்கமில்லாமல். இடது கையை மடியில் வைத்து அதற்கும் ஒரு சுற்று. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். தூக்குகிறவர்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழ வேண்டும் என்று நான் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். திரும்ப வேண்டிய இடத்தில் அவள்தான் கையைக் காட்டினாள். பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நீலப் போர்வைப் பையன் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். பள்ளிக்கூட வாசலில் யாரோ தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. "கல்யாண ஊர்வலமா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"தலை வாரிவிட்டிருக்கக் கூடாதா? இப்படியா கூட்டிக்கிட்டு வர்றது!" என்று அம்மா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். வாசலிலிருந்து பள்ளி வராந்தா வரை பதினோரு நிமிஷம். கால்வாய்க் கல்வெட்டு தாண்டுகிற இடத்தில் மட்டும் தடுமாற்றம். அங்கே இரண்டு பலகை போட வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.

வராந்தா மூலையில் புடவையைக் கட்டி மறைத்து, நாற்காலியை வைத்தோம். அம்மா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கிளிப்பை நன்றாகப் போடச் சொன்னார். பிறகு, "தாகமா இருக்கு கண்ணு" என்றார்.

நாத்தனார் செம்பைக் கொடுத்தாள். அண்ணாந்து, கடகடவென்று, முழுச் செம்பையும் குடித்தார்.